அம்மா வீட்டுக்கு வழி

ஒரு கோழிக் குஞ்சை வளர்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? "இதில் என்ன பிரமாதம்? நொய்யைப் போட்டால் கொத்துகிறது, தண்ணீர் வைத்தால் குடிக்கிறது!" என்பீர்கள். சென்ற மாசி மாதம் வரையில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நூறு குஞ்சு வளர்ப்பதற்குப் புத்தகம் இருக்கிறது; பயிற்சி வகுப்பு இருக்கிறது; பாங்கியில் கடன்கூடக் கிடைக்கிறது. பத்துக் குஞ்சு வளர்ப்பதற்குக் கோழி இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு குஞ்சை வளர்ப்பதற்கு இருக்கிறதே, அதற்கு ஒரு குடும்பமே கண் விழிக்க வேண்டும். நாங்கள் விழித்தோம். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் குடியிருப்பது டோல்கேட்டில். வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கிய வாயில் எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் பஸ்ஸின் நெற்றியில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். இன்னொரு பக்கம் 2021 பிப்ரவரி முதல் தலைக்கு மேல் ஓடும் மெட்ரோ ரயில். நடுவிலே நாங்கள். இந்த இரைச்சலில் ஒரு கோழிக் குஞ்சின் கீச்சுக் குரல் யார் காதில் விழப் போகிறது என்று நினைப்பீர்கள். விழுந்தது, ஐயா! இரவு ஒரு மணிக்கு விழுந்தது. இரண்டு மணிக்கு விழுந்தது. மூன்று மணிக்கும் விழுந்தது.

விஷயம் இதுதான். மாசி மாதம் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். நான், என் மனைவி, ஆறு வயது மகள். தரிசனம் முடித்து வெளியே வந்தால், வீதியோரத்தில் ஒருவர் கூடை நிறையச் சாயம் தோய்த்த குஞ்சுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோஜா, ஊதா, ஆரஞ்சு, கிளிப்பச்சை! நவராத்திரிக் கொலுவில் வைக்கலாம் போல இருந்தன. மகள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷமும் இதே திருவிழாவில், இதே மாதிரி ஒரு ரோஜா நிறக் குஞ்சு வாங்கினோம். ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, ஒரு பிடி அரிசியும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். மூன்றாம் நாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது. மகள் கண் விழிப்பதற்கு முன்னால், மதிற்சுவர் ஓரத்தில் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன். அவள் எழுந்து, "குஞ்சு எங்கேப்பா?" என்று கேட்டாள். "அதனுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டது, கண்ணு. நான்தான் கொண்டு விட்டுவிட்டு வந்தேன்" என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி" என்றாள். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. இந்த வருஷம் கிளிப்பச்சைக் குஞ்சு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் சொன்னாள்: "மூணு நாள் நம்ம வீட்டுல வச்சுக்கலாம்பா. அப்புறம் போன வருஷம் மாதிரி இதையும் அதோட அம்மா வீட்டுல விட்டுடலாம். உனக்குத்தான் வழி தெரியுமே! இந்தத் தடவை நானும் வரேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

அந்தக் குஞ்சுக்கு அம்மா வீடு ஏது? இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாமக்கல் போன்ற ஊர்களில் முட்டைக் கோழிகளுக்கென்று பெரிய பொரிப்பகங்கள் இருக்கின்றன. சுமார் 37.5 டிகிரி சூட்டில், இயந்திரத்துக்குள் 21 நாள் இருந்து குஞ்சு வெளியே வருகிறது. முட்டைக்காக வளர்க்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகளுக்கு அடை உட்காரும் குணமே கிடையாது. உட்கார்ந்தால் அந்த நாட்களில் முட்டை கிடைக்காதே என்று, உட்காராத கோழிகளையே பொறுக்கிப் பொறுக்கிப் பல தலைமுறைகளாகப் பெருக்கிவிட்டார்கள். பொரித்த குஞ்சுகளில் பாதி சேவல். சேவல் முட்டை இடாது. இந்த இனத்துச் சேவல் கறிக்கும் சீக்கிரத்தில் தேறாது. ஒரு நாள் குஞ்சைப் புரட்டிப் பார்த்துச் சேவல், பெட்டை என்று பிரிக்கும் வித்தையை ஜப்பானியர்கள் 1920-களில் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, உலகம் முழுவதும் இந்தச் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே தீர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஜெர்மனி 2022-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இந்த வழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. நம் ஊரில் அப்படித் தப்பியவற்றில் சில, சாயத் தொட்டியில் முங்கி, கூடையில் ஏறித் திருவிழாவுக்கு வந்துவிடுகின்றன. பிறக்கும்போதே வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால், இரண்டு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமலே தாக்குப் பிடிக்கின்றன. அந்தத் தைரியத்தில்தான் வியாபாரமே நடக்கிறது.

ஆகவே, எங்கள் வீட்டுக்கு வந்த குஞ்சுக்குத் தாய் ஓர் இயந்திரம். தகப்பன் விலாசம் தெரியாது. அதை 'அம்மா வீட்டில்' கொண்டு விடுவதாக நான் வாக்குக் கொடுத்தாகிவிட்டது!

முதல் நாள் இரவு, வீட்டுக்கு வந்ததும் படித்துப் பார்த்தேன். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம் என்று போட்டிருந்தது. குஞ்சின் மேலே இருப்பது இறகு அல்ல, வெறும் பஞ்சு. அதற்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். பத்துக் குஞ்சு இருந்தால் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு சமாளிக்கும். தனிக் குஞ்சு யாரை ஒட்டிக்கொள்ளும்? இதைப் படித்ததும் மதிற்சுவர் ஓரம் எனக்கு நினைவு வந்தது. மேற்கொண்டு அன்று படிக்க முடியவில்லை.

சூட்டுக்கு ஒரு பல்பு தொங்கவிட்டால் போதும் என்று நினைத்தேன். வீட்டிலிருந்த எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டேன். பிரமாதமாக வெளிச்சம் வந்தது; சூடு மட்டும் வரவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் விளக்கு கோழிக் குஞ்சுக்கு உதவாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவது கடையில் தூசி படிந்த பெட்டியிலிருந்து 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வாங்கி வந்தேன். "இந்தக் காலத்தில் இதை யார் சார் வாங்குகிறார்கள்?" என்றார் கடைக்காரர். "எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்" என்றேன்.

அடுத்து, பெட்டிக்கு விரிப்பு. பத்திரிகை ஆபீசில் வேலை பார்க்கிறவன் வீட்டில் காகிதத்துக்கா பஞ்சம்? நம் பத்திரிகையின் பழைய அட்டைகளையே வழவழவென்று விரித்தேன். குஞ்சு எழுந்து நிற்கப் பார்த்தது. இரண்டு காலும் இரண்டு திசையில் வழுக்கிக்கொண்டு போயின. வழுக்கும் தரையில் விட்டால் குஞ்சின் கால் அகன்று, அப்படியே நின்றுவிடுமாம். நாங்கள் இரா முழுவதும் கண் விழித்து அச்சடிக்கும் அட்டை கோழிக் குஞ்சுக்குக்கூடக் கால் ஊன்ற இடம் கொடுக்கவில்லையே என்று வருத்தமாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டுக் கோணித் துண்டு விரித்தேன்.

தண்ணீருக்கு ஆழமில்லாத மூடி. அதிலும் நாலு கூழாங்கல். இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தில் குஞ்சு தண்ணீரில் விழுந்து போய்விடும். பல்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை, குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒடுங்கி நின்று கத்தினால் குளிர்கிறது. மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டிக்குள்ளே இஷ்டப்படி நடமாடினால் சரியாக இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் அது கத்திற்று. வயிறு நிறைந்திருந்தது, உடம்பு சூடாக இருந்தது, இருந்தும் கத்திற்று. என் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து பெட்டிக்குள் சாய்த்து வைத்தாள். கண்ணாடியில் இன்னொரு பச்சைக் குஞ்சைக் கண்டதும் ஐந்து நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு, 'இவன் ஒரு மாதிரியான ஆசாமி, கிட்டே போனால் சில்லென்று இருக்கிறான்' என்று கண்டுகொண்டது போல் மறுபடியும் ஆரம்பித்தது. கடைசியில் மூன்று மணிக்கு என் குரங்குக் குல்லாவைப் பெட்டிக்குள் வைத்தோம். குஞ்சு அதற்குள் புகுந்துகொண்டு, ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தூங்கிப் போயிற்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது சூட்டுக்கு மட்டும் அழவில்லை. மேலே மூடிக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று அழுதது.

மறுநாள் காலையிலிருந்து அது என் மகளை விட்டு நகரவில்லை. அவள் சமையலறைக்குப் போனால் சமையலறை. கூடத்துக்கு வந்தால் கூடம். 1873-ஆம் வருஷத்திலேயே ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் இதை எழுதி வைத்திருக்கிறார். பொரிந்த குஞ்சுகளின் கண்ணை முக்காடிட்டு மூடி வைத்து, இரண்டு மூன்று நாளில் திறந்துவிட்டால், எதிரில் நடப்பவர் யாரானாலும் அவர் பின்னாலேயே ஓடினவாம். ஏறக்குறைய நாலு நாள் மூடி வைத்திருந்த மூன்று குஞ்சுகளோ, திறந்துவிட்டதும் அவரைக் கண்டு மிரண்டு ஓடினவாம். அதாவது, 'இவர்தான் என் அம்மா' என்று முடிவு செய்வதற்குக் குஞ்சுக்குச் சில நாட்கள்தான் வாயிதா. பிற்பாடு வாத்துக் குஞ்சுகள் பின்தொடரக் குளக்கரையில் நடந்து பெயர் பெற்ற கான்ராட் லோரன்ஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். 1973-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

கால்நடை மருத்துவம் படித்த நண்பர் ஒருவருக்குப் போன் செய்தேன். "முதலில் கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து விடு. முதல் வாரத்திலேயே கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். ஆனால் ஒற்றைக் குஞ்சு தேறுவது சிரமம். துணைக்கு இன்னும் இரண்டு வாங்கு. இல்லாவிட்டால், நல்ல அடைக்கோழி ஒன்று பார். சீக்கிரம் பார், வயசு ஏற ஏறக் கோழியும் ஏற்காது, குஞ்சும் ஏற்காது" என்றார்.

அடைக்கோழிக்கு நான் எங்கே போவேன்? போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் சந்தின் கடைசி வீட்டில், காசிமேட்டில் வெகு காலம் மீன் விற்று ஓய்ந்த ஆயா ஒருவர் இருக்கிறார். மூன்று நாட்டுப் பெட்டைக் கோழிகள் வைத்திருக்கிறார். ஒரு சேவலும் முன்பு இருந்தது. விடியற்காலையில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெருவில் நாலு பேர் புகார் சொல்லவே, அதை விற்றுவிட்டார். அந்த நாலு பேரில் அடியேனும் ஒருவன். ஆகையால் ஆயா வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

"இன்னா தம்பி, கோயி கூவுனா ஆவாதுன்னு சொன்ன ஆளு, கோயியத் தேடிக்கினு வந்துக்கிறே?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். ஆயா என் மகளின் கையிலிருந்த குஞ்சைப் பார்த்தார். பிறகு, கொல்லையில் கவிழ்ந்திருந்த பழைய பெயிண்ட் டிரம்மைக் காட்டினார். உள்ளே வைக்கோலின் மேல் சிவப்புப் பெட்டை ஒன்று தட்டையாகப் பரந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் குனிந்ததும் உடம்பை உப்பிக்கொண்டு, கர்ரென்று உறுமியது.

"பதினெட்டு நாளா குந்திக்கினு கீது. சேவலு இல்லாத முட்டைல குஞ்சு ஏது? முட்டைய நான் எட்த்துட்டேன். அது கல்லு மேல குந்திக்கினு கீது. நாளைக்குத் தண்ணில முக்கி எயுப்பி வுட்டுடலாம்னு இருந்தேன். நல்ல நேரத்துல வந்தே."

நேயர்களே, அடைக்கோழியின் தவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புரோலாக்டின் என்று ஒரு சுரப்பு இருக்கிறது. நம் தாய்மார்களுக்குப் பால் சுரக்கச் செய்வதும் அதுதான். அது கோழியின் ரத்தத்தில் ஏறிவிட்டால் முட்டை இடுவது நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிஷங்கள் எழுந்து ஏதோ கொத்திவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடும். உடம்பு இளைக்கும், கொண்டை வெளுக்கும். அடியில் இருப்பது முட்டையா, கல்லா என்று அது கேட்பதில்லை. வாத்து முட்டையை வைத்தாலும் பொரித்துக் கொடுத்துவிட்டு, குஞ்சுகள் குளத்தில் இறங்கும்போது கரையில் நின்று பதறும். ஆனால், உட்கார்ந்து இரண்டு மூன்று நாளே ஆன கோழி குஞ்சை ஏற்பது அபூர்வம். இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்த கோழிதான் இனிக் குஞ்சு வரவேண்டும் என்று காத்திருக்கும். ஆயாவின் கோழி காத்திருந்தது.

"ராவுக்கு ஒம்போது மணிக்கு இட்டா. நான் வுடறேன்" என்று சொல்லிவிட்டு ஆயா ரேஷன் கடைக்குக் கிளம்பினார்.

அப்போது மணி பகல் பன்னிரண்டு. இங்கேதான் உங்கள் கட்டுரையாளன் தன் கல்லூரிப் படிப்பைக் காட்டினான். தாயும் காத்திருக்கிறது, குஞ்சும் காத்திருக்கிறது, நடுவில் ஒன்பது மணி எதற்கு? மகளும், "இப்பவே விடலாம்பா" என்றாள். குஞ்சை எடுத்துக் கோழியின் முகத்துக்கு நேரே வைத்தேன்.

கோழி அந்தப் பச்சை உருண்டையை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. அடுத்த விநாடி 'ணங்'கென்று நடு மண்டையில் ஒரு கொத்து! குஞ்சு உருண்டு போய் விழுந்தது. நான் பாய்ந்து எடுத்தேன். பச்சைப் பஞ்சின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு இரத்தம். மகள் அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் தேவலை.

திரும்பி வந்த ஆயா மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் தடவினார். "பச்சைக் கிளியக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா காட்டி, இதான் உன் புள்ளைன்னு சொன்னா எந்தக் கோயி நம்பும்? நீ நம்புவியா? கோயிக்குப் பகல்லதான் கண்ணு தம்பி. ராவுல அதுக்குக் காதுதான்."

இந்த ஒரு வாக்கியத்தை நிரூபிக்க விஞ்ஞானிகள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் தெரியுமா? 1933-ல் ப்ரூக்னர் என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. குஞ்சை ஒரு கண்ணாடிக் கூண்டால் மூடி வைத்தால், அது உள்ளே தவிப்பதைத் தாய்க் கோழி கண்ணால் பார்த்துக்கொண்டே பேசாமல் மேய்கிறது. ஏனென்றால் சத்தம் வெளியே வரவில்லை. அதே குஞ்சைத் தட்டிக்கு மறைவில் கட்டிப் போட்டால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கதறலைக் கேட்டு ஓடி வருகிறது. 1960-ல் ஷ்லைட் என்பவரும் அவருடைய சகாக்களும் வான்கோழிகளைக் கொண்டு இன்னொன்று கண்டார்கள். காது கேளாத வான்கோழிகள், தாங்களே பொரித்த குஞ்சுகளைப் பகை என்று எண்ணிக் கொன்றுவிட்டனவாம். பறவைத் தாய்க்குப் பிள்ளை என்பது முதலில் குரல், பிறகுதான் உருவம்.

இரவு ஒன்பது மணி. ஆயா விளக்கை அணைக்கச் சொன்னார். என் செல்போன் வெளிச்சத்தைக்கூடத் துணியால் மூடச் சொன்னார். குஞ்சைக் கைக்குள் பொத்திக்கொண்டு, கோழியின் முன்னால் அல்ல, பின்பக்கமாகக் கையை விட்டார். முதலில் கல்லை எடுத்தார். அதே சூட்டில், அதே இடத்தில் குஞ்சை வைத்தார். கை மெதுவாக வெளியே வந்தது.

உள்ளே 'கீச், கீச்' என்று சத்தம். கோழி ஒரு தடவை அசைந்தது. நான் மூச்சு விடவில்லை. மறுபடியும் 'கீச்'. பிறகு, அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு சத்தம் கோழியிடமிருந்து வந்தது. உறுமல் அல்ல, கொக்கரிப்பு அல்ல; அடித் தொண்டையில் மெதுவாக, 'குறுக், குறுக்' என்று. குஞ்சின் சத்தம் நின்றது.

"அவ்ளோதான். பேசிட்டா" என்றார் ஆயா.

ஆனால் கண்டம் தாண்டியது என்று சொல்வதற்கில்லை. வெளிச்சம் வந்ததும் கோழி குஞ்சைப் பார்க்குமே! அடைக்கோழி குஞ்சைக் கொல்வதானால் பெரும்பாலும் விடியும் நேரத்தில்தான் கொல்லும். அதனால் விடியலில் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுநாள் காலை நாலரை மணிக்கே நானும் மகளும் ஆயா வீட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்தோம். சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு போயின. கிழக்கே கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கோழி எழுந்து வெளியே வந்தது. அதன் காலடியில் கிளிப்பச்சை நிறத்தில் எங்கள் குஞ்சு! கோழி கழுத்தை உயர்த்தி அதையே உற்றுப் பார்த்தது. நான் பாய்வதற்குத் தயாராகக் கையை ஊன்றினேன். அந்தச் சமயம் பார்த்துக் குஞ்சு ஒரு தடவை கத்திற்று. கோழியின் கழுத்து தாழ்ந்தது. தரையில் கிடந்த நொய்யைக் கொத்தி எடுத்து, கீழே போட்டு, 'டொக், டொக்' என்று கூப்பிட்டது. இராத்திரி காதால் கேட்டதைப் பகலில் கண்ணால் மறுக்க அதற்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

"அப்பா, கூப்பிடுதுப்பா!" என்று மகள் கூவிவிட்டாள்.

அவள் குரல் கேட்டதுதான் தாமதம். குஞ்சு கோழியை விட்டுவிட்டு, குடுகுடுவென்று ஓடி வந்து அவள் காலடியில் நின்றது. கோழி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பின்னாலேயே வந்து என் மகளின் காலில் ஒரு கொத்துக் கொத்தியது!

ஆயா மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணு, அதுக்கு இப்ப ரெண்டு அம்மா. ஒரு குஞ்சுக்கு ரெண்டு அம்மா இருந்தா அது எங்கேயும் தேறாது. நீ மூணு நாளைக்கு இந்தாண்ட வராதே. உன் கொரலும் அதுக்குக் கேக்கக் கூடாது. செய்வியா?"

அவள் குனிந்து குஞ்சைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அந்த மூன்று நாளும் அவள் இருந்த இருப்பை நான் எழுதத்தான் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆயா வீட்டுப் பக்கம் போகாமல், அடுத்த சந்து வழியாகச் சுற்றி வந்தாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆயா வீட்டுக் கொல்லை தெரியும். அங்கே வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பாள். "ஏம்மா வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டால், "தெரியாம கூப்பிட்டுட்டேன்னா?" என்பாள். ஆறு வயதுக் குழந்தை, தான் ஆசைப்பட்டு வாங்கிய ஒன்று தன்னை மறந்துபோக வேண்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. நான் அவளிடம் சொன்ன ஒரு பொய்க்காக அவள் செய்த பிராயச்சித்தம் அது என்று நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் ஆயா கூப்பிட்டனுப்பினார். கொல்லையில் கோழி மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது; குஞ்சு அதன் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து கொத்திக்கொண்டிருந்தது. மகள் மெதுவாக, "கிளி!" என்று கூப்பிட்டாள். குஞ்சு தலையை நிமிர்த்தியது. ஒரு விநாடிதான். பிறகு ஓடிப் போய்க் கோழியின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, இறக்கையின் இடுக்கிலிருந்து பச்சைத் தலை மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

மகளின் கண்ணில் தண்ணீர் தளும்பிற்று. ஆனால் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"போன வருஷத்துக் குஞ்சும் இந்தக் கோழிகிட்டதான் வந்துச்சாப்பா? அது எங்கே? காணோமே?"

'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். 'பெரிதாகி வேறு ஊருக்குப் போய்விட்டது' என்று சொல்லியிருக்கலாம். எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கதைக்கா பஞ்சம்? ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் நின்ற குழந்தையிடம் இன்னொரு கதை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தெருவிலேயே குந்தி உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "இல்லை, கண்ணு. அது செத்துப்போச்சு. நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்குக் குளிரா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"குல்லா வைக்கணும்னு நமக்கு அப்போ தெரியாது, இல்லே?"

"தெரியாதும்மா."

"இனிமே தெரியும்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நேயர்களே, உங்கள் குழந்தையும் ஒரு நாள் இப்படி ஒரு கூடைக்கு முன்னால் உட்காரும். முடிந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். வாங்கினால்தானே இன்னொரு கூடை வரும்! மனசு கேட்காமல் வாங்கிவிட்டீர்களானால், ஒன்றாக வாங்காதீர்கள். சூட்டுக்குக் குண்டு பல்பு, காலுக்குக் கோணித் துண்டு, தண்ணீருக்குக் கல் போட்ட மூடி, கண்ணுக்குச் சொட்டு மருந்து. அடைக்கோழி கிடைத்தால் இரவில், பின்பக்கமாக, இருட்டில் விடுங்கள். விடியலில் பக்கத்தில் இருங்கள். கோழி சும்மா தள்ளிவிட்டால் மறுநாள் இரவு மறுபடி பார்க்கலாம்; தலையைக் குறி வைத்துக் கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள். எல்லாக் கோழியும் ஆயாவின் கோழி அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் பாட்டியைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

இறகு முளைக்க முளைக்கப் பச்சைச் சாயம் போய்விட்டது. ஏழு வாரம் கழித்துக் கோழியே குஞ்சைக் கொத்தி விரட்டி, 'இனி உன் பிழைப்பைப் பார்' என்று சொல்லிவிட்டது. இப்போது அது கொழுக்கென்று, வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆறு மாதச் சேவல். விடியற்காலை நாலு மணிக்கு லாரிச் சத்தத்தையும் மீறிக் கூவுகிறது. தெருவில் இரண்டு பேர் என்னிடம் வந்து புகார் சொன்னார்கள். காது கேளாதவன் போல் இருந்துவிட்டேன்.

போன வாரம் ஆயாவின் சிவப்புப் பெட்டை மறுபடியும் பெயிண்ட் டிரம்மில் அடை உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடவை அடியில் கல் இல்லை, ஒன்பது முட்டை. என் மகள் நாள்காட்டியில் இருபத்தோரு கட்டம் எண்ணி, கடைசிக் கட்டத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.